மூக்கு உள்ள பூனை

பதினேழு. வீட்டில் கிளம்பும் முன் எண்ணியபோது பதினாறு. இரண்டு பஸ் மாறி, பீளமேட்டில் இறங்கி, ஏற்றமான தெருவில் நானூற்றுப் பன்னிரண்டு எட்டு நடந்து வந்ததற்கு நிமிஷத்துக்கு ஒரு மூச்சு கூடியிருக்கலாம். அதைப் பூனையின் மேல் போடுவது நியாயம் இல்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம் பத்து பத்து காட்டுகிறது. பெரிய முள் ஒரு சுற்று போய் மறுபடியும் இரண்டுக்கு வரும்வரை நான் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட வேண்டும், வேறு வேலை இல்லை. நெஞ்சு டாக்டர் அப்படித்தான் சொன்னார். முப்பத்துநான்கு வருஷம் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்ற நெஞ்சு உங்களுடையது, பூனை ஒத்துக்கொள்ளுமா என்று என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும், பூனையிடமே போய்க் கேளுங்கள், நாலைந்து பூனை இருக்கிற வீட்டில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும் என்றார். இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். மறுபடியும் தொட்டுப் பார்க்கிறேன். இந்த ஒரு மணி நேரத்தில் இழுப்பு வராவிட்டால் என் மனைவி ஜெபமணிக்குப் பூனை உண்டு. வந்துவிட்டால் இல்லை. இந்த வருஷம் இல்லை என்பதல்ல, அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறவரை இல்லை. திங்கட்கிழமையாகப் பார்த்துத்தான் வந்தேன். மில்லில் ஞாயிறு விடுமுறை முடிந்து மறுபடி உள்ளே நுழைகிற நாளில்தான் நெஞ்சு பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் நல்ல காற்றைக் கண்டுவிட்ட நெஞ்சு தூசியைக் கண்டதும் முரண்டு பண்ணும், செவ்வாய் புதன் என்று போகப் போகப் பழகிவிடும். வேலையை விட்டுப் பதின்மூன்று வருஷம் ஆகியும் இந்த நெஞ்சு திங்கட்கிழமையை மறக்கவில்லை. ஆகவே சோதனை என்றால் திங்கட்கிழமைதான் சோதனை. புதன்கிழமை வந்து தேறிவிட்டுப் போவது என்னை நானே ஏமாற்றுவது. ஜெபமணி சிரித்தாள். "பூனைக்குக் கிழமை தெரியுமாக்கும்" என்றாள்.

கதவைத் திறந்தவள் கோகிலவாணி. "பொன்னுரங்கம் ஐயாதானுங்களே, வாங்க, உக்காருங்க" என்றாள். நாற்பது வயதிருக்கும், பூனை வளர்த்து விற்கிறவள், கூச்சம் என்றால் என்னவென்று தெரியாதவள். பஸ்ஸில் வரும்போது மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். எனக்கு நெஞ்சுக் கோளாறு உண்டு என்பது ஒன்று. ஒரு மணி நேரம் சும்மா உட்கார அனுமதிக்க வேண்டும் என்பது இரண்டு. அதற்குப் பிறகு வாங்காமலே போனாலும் தப்பாக நினைக்கக் கூடாது என்பது மூன்று. முதல் வாக்கியம் பாதி போவதற்குள் அவள், "தெரியுமுங்க, வீட்டம்மா காலைல கூப்புட்டு எல்லாம் சொல்லிட்டாங்க" என்றுவிட்டாள். மீதி இரண்டரை வாக்கியம் அப்படியே தொண்டையில் நின்றுபோனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நாற்பத்தைந்து வருஷமாக ஜெபமணி இப்படித்தான் எனக்கு முன்னால் போய், நான் பேச வேண்டியதைப் பேசி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் வாசலில் வந்து வழியனுப்புவாள். ஆனால் எல்லாம் என்றால் எதெல்லாம். கோகிலவாணியிடம் கேட்கலாம். கேட்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். நான் தலைகளை எண்ணினேன். ஜன்னல் திண்டில் வெள்ளையாய் ஒரு பெரிய பெட்டை, அதன் வயிற்றோடு இரண்டு வெள்ளைக் குட்டிகள். பீரோவின் மேல் உடம்பு சந்தன நிறமாகவும் முகமும் காதும் வாலும் கரி பூசினது போலவும் நீலக் கண்ணோடு ஒன்று, சயாமீஸ் ஜாதியாம். கீழே துணிக்கூடைக்குள் அதன் குட்டிகள் இரண்டு, இரண்டும் கறுப்பு. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சாம்பல் நிறத்தில் தலையணை அளவுக்கு ஒரு கடுவன், பெயர் சுல்தான், இந்த நாலு குட்டிக்கும் அதுதான் தகப்பன். மொத்தம் ஏழு. ஏழு பூனையின் காற்று இந்த அறையில் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் ஒன்றுதான். ஏழைத் தாங்கினால் ஒன்றைத் தாங்கும். ஆனால் ஏழை ஒரு மணி நேரம் தாங்குவதும் ஒன்றை ஆயுசு முழுக்கத் தாங்குவதும் ஒரே கணக்கா. அந்த இடத்தில் கணக்கு நின்றுவிடுகிறது, பெரிய முள்ளும் நிற்கிறது போல இருக்கிறது, இல்லை, நகர்ந்திருக்கிறது, பத்து பதினாறு.

சுல்தானுக்கு மூக்கு இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம், இரண்டு கண்ணுக்கும் நடுவே. முதல் தடவை போனில் கோகிலவாணி "பஞ்ச் பேஸ் வேணுமுங்களா, கிராஸ் வேணுமுங்களா" என்று கேட்டபோது எனக்குப் பஞ்சு பேஸ் என்றுதான் காதில் விழுந்தது. மில்லில் பஞ்சு ரகங்களைக் கலக்குகிற மிக்ஸிங் செக்‌ஷனில் இருந்தவன் காதில் வேறு எப்படி விழும். பஞ்சு போல் முகம் உள்ள பூனை என்று நானாக நினைத்துக்கொண்டு ஜெபமணியிடம் போய்ச் சொன்னேன். "இத்தன வருசம் தின்ன பஞ்சு காணாதா உங்களுக்கு, பூனையும் பஞ்சா வேணுமா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறுநாள், "நீங்க எதைக் கொண்டாந்தாலும் எனக்குச் சம்மதம். மூக்கு உள்ள பூனையா மட்டும் பாத்துக்கிடுங்க" என்றாள். பஞ்சு முகத்துக்கு மூக்கு இருக்காது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. இங்கே வந்து கோகிலவாணி விளக்கியபின்தான் பஞ்சு அல்ல, பஞ்ச், முகத்தில் ஒரு குத்து விட்டது போல் அமுங்கியிருப்பதால் அந்தப் பெயர் என்று தெரிகிறது. சுல்தானின் ஜாதி பெர்சியன், அதில் இதுதான் உசத்தியாம். எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ அவ்வளவு கிராக்கியாம். பூனைக்கு மூச்சு விடுவதற்குச் சிரமமாக இருக்காதா என்று கேட்க நினைத்தேன். என்னைப் போன்ற ஆள் அதைக் கேட்டால் தன்னைப் பற்றிக் கேட்பது போல் ஆகிவிடும். ஜெபமணி மட்டும் ஏன் மூக்கு கேட்டாள். தடவும்போது கைக்கு முகம் தெரிய வேண்டும் என்றா. பாவம், மூச்சு முட்டும் என்றா. அவள் அப்படி இரக்கத்தைச் சுற்றி வளைத்துச் சொல்கிறவள் இல்லை. இந்தக் கேள்வி பஸ்ஸிலும் வந்தது. இரண்டாவது பஸ்ஸிலும் வந்தது. இப்போது மூன்றாவது தடவை. பத்து இருபது ஆகிவிட்டது, எண்ண வேண்டும். பதினாறு. நல்லது.

ஜெபமணிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஒரேயடியாக அல்ல, ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறது. மில்லில் அவள் கோன் வைண்டிங்கில் இருந்தவள். நூல் சுற்றுகிற காகிதக் கோனின் சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்று கண் டாக்டரிடம் சொன்னாள். டாக்டருக்குக் கோன் தெரியாது. நான் காலண்டர் தாளைச் சுருட்டிக் காட்டினேன். மாதத்தின் முதல் தேதி அவளை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு என் விரலைக் காதுப்பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டு வருவேன், எந்த இடத்தில் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். தை மாதம் காதுக்கு நாலு விரற்கடை முன்னால் தெரிந்தது. இப்போது ஒன்பது. "எண்ணாதிய, எண்ணினா நின்னுறவா போவுது" என்பாள். அவள் பேச்சில் இன்னும் பாதி தெற்கே அவள் பிறந்த நாசரேத், பாதிதான் கோயம்புத்தூர். நிற்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு மீதி இருக்கிறது என்று யாராவது ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா. ஆடியில் அவளுடைய தங்கை ரத்தினபாய் வந்திருந்தாள். சாப்பிடும்போது தெருவில் ஏதோ பூனை கத்தியது, ஜெபமணியின் கை சோற்றில் நின்றது, ரத்தினபாய் என்னைப் பார்த்து, "அக்கா பூனையில்லாமச் சாப்பிடவே மாட்டாளே அத்தான், அந்தக் கூடையில வச்சுக் கொண்டாந்தாளே ஒரு குட்டி, அது பிறகு என்னாச்சு" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கூடை. எந்தக் குட்டி. ஜெபமணி, "கொழம்பு ஊத்து" என்றாள் தங்கையிடம்.

எந்தக் கூடை என்று எனக்குப் பிறகு ஞாபகம் வந்தது. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாடகை வீட்டுக்கு வந்த முதல் வாரம். மூடி போட்ட பனையோலைக் கூடை ஒன்று அடுப்படி மூலையில் இருந்தது. ஊர்ப் பண்டம் ஏதோ என்று நினைத்தேன், புதுப் பெண்சாதியின் கூடையைத் திறந்து பார்க்கிற தைரியம் எனக்கு ஏது. அந்தத் திங்கட்கிழமை வேலையிலிருந்து திரும்பியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன், அப்படி ஓர் இழுப்பு அதுவரை வந்ததில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். செவ்வாய்க்கிழமை கூடை திறந்து கிடந்தது, காலியாக. வெங்காயம் போட்டு வைத்திருந்தோம் அதில், ஒன்பது வருஷம், அடி இற்றுப்போகும்வரை. அன்றைய இருமல் பூனையால் வந்ததா பஞ்சால் வந்ததா என்று இன்று யாரால் சொல்ல முடியும். பஞ்சாகத்தான் இருக்கும், திங்கட்கிழமை அல்லவா. ஆனால் அவள் அதைப் பரீட்சித்துப் பார்க்கவில்லை. சந்தேகத்தின் பலனை என் நெஞ்சுக்குக் கொடுத்துவிட்டுக் குட்டியை மில் கேன்டீனில் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து ரசம் வைத்தாள். நான் வாசற்படிகளை எண்ணியிருக்கிறேன், ஓட்டில் உடைந்தவற்றை எண்ணியிருக்கிறேன், அவள் தலையில் முதல் வெள்ளை முடி வந்த தேதி எனக்குத் தெரியும், வீட்டில் ஓர் உயிர் குறைந்தது தெரியவில்லை. ரத்தினபாய் ஊருக்குப் போனபின் ஒரு நாள் கேட்டேன். "அது ஒரு குட்டி, மில் கேன்டீன்ல யாருக்கோ குடுத்தாச்சு, அதுக்கு என்ன இப்போ" என்றாள். பெயர் வைத்திருந்தாயா என்று கேட்டேன். எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். வைத்திருந்தாள் என்று அர்த்தம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, இல்லாததை எப்படி எண்ணுவது. கண் முழுக்க மூடிவிட்டால் அவள் கைக்கு ஏதாவது இருக்க வேண்டும். மடியில் ஒரு சூடு. அவ்வளவுதான் நான் நினைத்தேன், அதற்குத்தான் இந்த நாற்காலி.

வெள்ளைக் குட்டி ஒன்று ஜன்னல் திண்டிலிருந்து இறங்கி வந்து என் வேட்டியைப் பிடித்து ஏறுகிறது. "எடுத்து மடில வச்சுக்குங்க ஐயா, வெச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்று உள்ளிருந்து குரல். வைத்துக்கொண்டேன். பழக்க தோஷம், கை தானாகவே அதன் முதுகில் ஒரு சிட்டிகை முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து நீவுகிறது, மில்லில் பஞ்சுப் பேலிலிருந்து ஒரு துணுக்கு பிய்த்து நீளம் பார்க்கிற மாதிரி. முப்பத்தெட்டு மில்லிமீட்டர் சொல்லலாம். சுவின். சந்தேகமே இல்லாமல் சுவின். அந்தப் பஞ்சைக் கையில் எடுத்தால் எடுத்தது தெரியாது, விட்டால் விட்டது தெரியும். சுஜாதா என்று ஒரு ரகம், வின்சென்ட் என்று ஒரு ரகம், இரண்டையும் ஒட்டி இதே கோயம்புத்தூரில் உண்டாக்கின ரகம் அது. பெயரையும் பாதி பாதியாக வெட்டி ஒட்டிவிட்டார்கள். எங்கள் கல்யாணச் சேதி மில்லுக்கு வந்தபோது ராக்கியண்ண மேஸ்திரி, "நம்ம மிக்ஸிங்ல சுவின் போடறதுக்கு முதலாளி யோசிக்கறாரு, பொன்னுரங்கம் ஊட்டுக்கே கொண்டாந்துட்டான் பாரு" என்றார். அதிலிருந்து எங்களுக்கு அதுதான் பெயர். கேன்டீனில் நாங்கள் சேர்ந்து போனால், "சுவின் வருது, வழி விடுங்கப்பா." அவள் வேதக்காரப் பெண், கிறிஸ்தவக் குடும்பம், அவள் வின்சென்ட் என்றால் நான் சுஜாதாவா என்று ஒருவன் கேட்டு, அதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள். எனக்குக் கூச்சத்தில் காது எரியும். ஆனால் வெளியில் அதே விஷயத்துக்கு வேறு சொல் இருந்தது. கலப்பு. என் பெரியப்பா அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வாசலில் எச்சில் துப்பினார். மிக்ஸிங்கில் அதே சொல்லுக்கு நாங்கள் நாள் முழுக்கச் சம்பளம் வாங்கினோம். ஒவ்வொரு ரகத்தையும் படுக்கை மேல் படுக்கையாக விரித்து, பிறகு மேலிருந்து கீழே செங்குத்தாக வாரி எடுப்போம், ஒரு கை வாரலில் எல்லாப் படுக்கையும் வந்திருக்க வேண்டும், வராவிட்டால் நூல் அறும். ராக்கியண்ணன் ரிஜிஸ்டர் ஆபீசுக்குச் சாட்சியாக வந்தார். அவர் கை ரேகையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் போய் இருபத்திரண்டு வருஷம். நன்றி என்று ஒரு வார்த்தை நான் வாயால் சொன்னதில்லை, அதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறதற்குள் அவர் ரிட்டயர்டு ஆகிவிட்டார்.

ஜெபமணியின் விரல் இந்த வெள்ளைக் குட்டியின் மேல் போவதை என்னால் பார்க்க முடிகிறது. நூல் பிடித்த விரல், இந்த முடியை உடனே கண்டுகொள்ளும், ஏங்க சுவின் என்பாள். இதுதான், இதையே கொண்டு போய்விடலாம். மூக்கு இல்லை, அதனால் என்ன, சும்மா சொன்னாள், நான் எதைக் கொண்டுவந்தாலும் சம்மதம் என்றும் சொன்னாளே. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் அவள் கேட்டாள், மற்றது மரியாதைக்குச் சொன்னது. எது கேட்டது எது மரியாதை என்று எனக்குத் தெரியாதா. குட்டி என் விரலை நக்குகிறது. எச்சில். முடி ஒன்றும் செய்யாது, அது நக்குகிற எச்சில் காய்ந்து தூசியாகிறது, அதுதான் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். கையைத் துடைக்கலாமா. துடைத்தால் சோதனை ஆகாது. துடைக்கவில்லை. பத்து முப்பது. பதினேழு.

ஒரு புருஷனும் பெண்சாதியும் காரில் வந்து இறங்கினார்கள். நான் குட்டியை இறக்கிவிட்டு நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொண்டேன். அந்தப் பெண் நேராகத் துணிக்கூடையைப் பார்த்து, "என்னக்கா இது, மீன் மார்க்கெட்ல திரியற பூனையாட்ட இருக்குது" என்றாள். "அது கிராஸுங்க மேடம். அப்பன் பெர்சியன், ஆத்தா சயாமீஸ். ரெண்டுமே ஜாதிப் பூனை, பேப்பர் இருக்குது" என்றாள் கோகிலவாணி. "அப்பனாட்டமும் இல்ல, ஆத்தாளாட்டமும் இல்லியே." "மொத ஈத்துல அப்பிடித்தானுங்க வரும். அப்பனோட நீள முடியும் உள்ள ஒளிஞ்சிருக்குது, ஆத்தாளோட நீலக் கண்ணும் கரிமூஞ்சியும் உள்ள ஒளிஞ்சிருக்குது. இதுக ரெண்டும் சேந்தா அடுத்த தலமொறையில வெளிய வந்தாலும் வரும்." புருஷன் சிரித்தான். "கலப்புங்களா. எங்கப்பா கலப்புன்னா ஊட்டுக்குள்ளயே உடமாட்டாருங்க." "பூனையவா உங்களையவா" என்றாள் கோகிலவாணி. பெண்சாதி சிரித்துவிட்டாள், அவன் கைப்பேசியைப் பார்த்தான். எனக்கு முகம் சுடுகிறது, என்னைச் சொன்னது போல. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியோடு நாற்காலியாக இருக்கிற ஆளை யார் பார்க்கப் போகிறார்கள், அது ஒரு சௌகரியம். வெள்ளைக் குட்டியில் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போனார்கள், நல்லவேளை, என் மடியில் இருந்தது அல்ல. ஆக இப்போது ஆறு. கறுப்புக் குட்டியின் வம்சாவளிப் பேப்பர் முக்காலியிலேயே கிடந்தது. எட்டாவது வரை படித்தவன், இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். தாய் தகப்பன் இரண்டு, அதற்கு மேல் நாலு, அதற்கு மேல் எட்டு, பதினாலு பெயர். ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை. எனக்கு என் பக்கத்தில் எத்தனை தெரியும் என்று எண்ணினேன். ஐந்து. ஐந்தாவது ஆளுக்குப் பட்டப்பெயர்தான் தெரியும். ஜெபமணிக்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருப்பதால் பத்துக்கு மேல் சொல்வாள். பதினாலு பேரின் பெயரோடு பிறந்து, மீன் மார்க்கெட் பூனை என்று பெயர் வாங்கி, கூடைக்குள் அண்ணன் மேல் காலைப் போட்டுத் தூங்குகிறது. பூனைக்கு இரண்டும் தெரியாது. உள்ளே எது ஒளிந்திருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. மிக்ஸிங் ஆளுக்கு அது புரியும். நூலாக வந்தபின் எது எந்தப் பஞ்சு என்று எவனாலும் பிரிக்க முடியாது, ஆனால் உள்ளே இருக்கும், இருப்பதனால்தான் அறாது. நூலை வேண்டுமானால் பிரிக்க முடியாது. நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் அவள் நாசரேத் பேச்சுக்கு முழுசாகப் போய்விடுவாள், நான் வாயை மூடிக்கொள்வேன், அதில் எது சுஜாதா எது வின்சென்ட் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். பத்து நாற்பது. பதினெட்டு. பதினெட்டு என்பது கூடுதல். சிரித்ததனால் இருக்கலாம். சத்தமாகச் சிரிக்கவில்லையே.

பதினெட்டு. மறுபடி எண்ணினேன், பதினெட்டரை, அரை மூச்சு என்று ஒன்று உண்டா, நிமிஷத்தின் ஓரத்தில் மாட்டிக்கொண்ட மூச்சு. எண்ணுவதனால் கூடுகிறதா. எண்ணாமல் இருந்தால் கூடுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும். கண் அரிக்கிறதா. இல்லை. மூக்கின் நுனியில் ஏதோ ஊர்கிறது, அது வேர்வை. மின்விசிறி மூன்றில் ஓடுகிறது. இன்னும் இருபத்தாறு நிமிஷம். வேறு ஏதாவது நினைக்க வேண்டும். நாலாம் நம்பர் கேட், சைக்கிள் ஸ்டாண்டு, காலை ஷிப்டு சங்கு. சங்கு வேண்டாம். அடுப்படி, பனையோலைக் கூடை. கூடையும் வேண்டாம். அப்போது கேட்டது. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம், நீளமாக உள்ளே போய், ஒரு கொக்கி போட்டு, வெளியே வருகிற சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் இவ்வளவு நன்றாகத் தெரியாத சத்தம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் இப்படித்தான் தொடங்கும், முதலில் தூரத்தில் யாரோ பிழிகிற மாதிரி. வந்துவிட்டது. ஜெபமணி, வந்துவிட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் மூடியைக் கழற்றிவிட்டது. அவளுக்கு என்ன சொல்வது. பஸ்ஸில் போகும்போது யோசிக்கலாம். இரண்டு பஸ் இருக்கிறது. மூக்கு உள்ள பூனை கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம், அவள் நம்பமாட்டாள், நம்பியது போல் ரசம் வைப்பாள். மறுபடியும் அந்தச் சத்தம். மூச்சை நிறுத்தினேன், எவ்வளவு தூரம் உள்ளே இருக்கிறது என்று பார்க்க. ஒன்று, இரண்டு, மூன்று. நான் மூச்சு விடவில்லை. சத்தம் விடுகிறது. நாலு, ஐந்து. உள்ளே போகிறது, கொக்கி போடுகிறது, வெளியே வருகிறது. நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சுல்தான். நாலு காலையும் பரப்பிக்கொண்டு, மூக்கு இல்லாத முகத்தைத் தரையில் ஒட்டி, நல்ல தூக்கம். என்னுடைய சத்தத்தை அது விட்டுக்கொண்டிருந்தது.

மூடியைத் திருப்பி மாட்டினேன். மூன்றாவது தடவைதான் மாட்டியது. உள்ளே பிழிதல் இல்லை, கொக்கி இல்லை, பயந்த மனுஷனின் நெஞ்சு, அவ்வளவுதான். இந்த நெஞ்சு இந்த வயதுக்கு இவ்வளவு செய்வதே பெரிய காரியம், அதற்கும் யாரும் நன்றி சொன்னதில்லை. எழுபத்தொரு வருஷமாக உள்ளே இருந்துகொண்டு கேட்கிறேன், என் மூச்சு எது பூனையின் மூச்சு எது என்று எனக்கே தெரியவில்லை. அந்த இடத்தில் ஏதோ மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. எனக்கே தெரியவில்லை. ஜெபமணி தூக்கத்தில் புரளும்போது கை என் முதுகில் வந்து விழும். கொஞ்ச நேரம் இருக்கும். பிறகு எடுத்துக்கொள்வாள். தூக்கக் கலக்கம் என்றே நினைத்திருந்தேன், நாற்பத்தைந்து வருஷமாக. முந்தி வெளிச்சத்தில் என் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாள். மருந்து தீர்ந்தபோதெல்லாம் நான் சொல்லும் முன் அவள் கையில் புதுசு இருந்தது, எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதே இல்லை. கோனின் ஓட்டை வழியாக ஒரு தோளைத் தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும். இனி கண் இல்லை. காதுதான். வீட்டில் இரண்டு மூச்சு. மூன்றாவதாக ஒன்று வந்து, அதுவும் ஈரத் துணி பிழிந்தால்.

கோகிலவாணி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். "என்னுங்க ஐயா, மொகமெல்லாம் வேர்த்திருக்குது." எனக்கு ஒரு வாக்கியம் வந்தது, தயார் செய்யாமலே. வீட்டில் உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "நீங்க மொதல்ல போன் பண்ணுன அன்னைக்கே கூப்புட்டு ஒண்ணே ஒண்ணுதானுங்க கேட்டாங்க. எது சத்தம் இல்லாமத் தூங்கும்னு. கிராஸ்க்கு மூக்கு நல்லா இருக்குமுங்க, சத்தமே வராதுன்னேன். அப்ப அதைக் கண்ணுல காட்டுங்க, நாஞ் சொன்னேன்னு சொல்லாதீங்க, அவரு தானாப் பாத்து எடுக்கட்டும்னாங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொல்லிப்போட்டனே." நான் தண்ணீரைக் குடித்தேன். எழுந்து போய்க் கூடையின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். இரண்டு கறுப்பில் சின்னது கண்ணைத் திறந்து பார்த்தது, பச்சையும் இல்லை மஞ்சளும் இல்லை. மூக்கு இருந்தது. சரியான இடத்தில், ஈரமாக, அளவான மூக்கு. மடியில் எடுத்து முடியைச் சிட்டிகை பிடித்தேன். குட்டை, கொஞ்சம் முரடு, இருபது மில்லிமீட்டருக்கு மேல் தேறாது. சுவின் இல்லை. மன்னித்துக்கொள் என்று ஜன்னல் திண்டில் இருந்த வெள்ளையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். முரட்டு முடியும் கைக்குத் தெரியும், கைக்குத் தெரிவதுதானே முக்கியம். காதை அதன் முகத்தருகே கொண்டு போனேன். ஒன்றும் கேட்கவில்லை. விலா மட்டும் ஏறி இறங்கியது, நூலே இல்லாமல் சுற்றுகிற கோன் போல. அப்படியே உட்கார்ந்திருந்தேன். பத்து ஐம்பதுக்கும் பதினொன்றுக்கும் எண்ண மறந்துவிட்டேன், என் நினைவில் இப்படி மறந்ததில்லை. பெரிய முள் இரண்டுக்கு வந்தது, அதைத் தாண்டி மூன்று நிமிஷமும் போயிருந்தது. இழுப்பு வரவில்லை. "பத்து நாள் வெச்சுப் பாருங்க ஐயா, ஒத்துக்கலீன்னா கொண்டாந்து உட்ருங்க, நம்மூட்டுப் பூனைதானே" என்றாள் கோகிலவாணி. பத்து நாளில் ஒரு திங்கட்கிழமை கட்டாயம் வரும், இரண்டும் வரலாம். எண்ணிப் பார்த்தேன், இன்றையதையும் சேர்த்து இரண்டு.

வீட்டுக்கு போன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தாள், கையிலேயே வைத்திருந்தாள் போல. "என்ன, வந்துட்டா" என்றாள். வரவில்லை என்றேன்.  "எது" என்றாள். கறுப்பு, மூக்கு இருக்கிறது, முடி சுமார்தான் என்றேன். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அவள் பேசி வைத்ததை அவளிடமே போட்டு உடைக்க எனக்கு மனமில்லை. "மடியில இருக்கா." இருக்கிறது. "அப்பம் போனை அப்படியே அதும் பக்கத்துல பிடிங்க. ஒரு நிமிசம் பேசாதிய." பிடித்தேன். சுல்தான் நாற்காலியின் அடியிலிருந்து எப்போதோ எழுந்து உள்ளே போயிருந்தது. கோகிலவாணிகூட அடுப்படியில் பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றாள். நானும் சும்மா இல்லாமல் என் மூச்சை எண்ணினேன். நடுவில் குட்டி காலை மாற்றி உட்கார்ந்து, நகத்தை வேட்டியில் மாட்டி, எடுத்துக்கொண்டது. நிமிஷம் முடிந்தபின் ஜெபமணி, "ஒண்ணுதான் கேக்குது" என்றாள். எது என்றேன். "உங்களது. கொண்டு வாங்க அதை."  உடனே, "நீங்க எத்தனைன்னு எண்ணினிய" என்றாள். பதினாறு என்றேன். "பதினேழு" என்றாள். முப்பத்துநான்கு வருஷத்தில் மில்லில் என் எண்ணிக்கையை ஒருவரும் திருத்தியதில்லை. குட்டி காலை மாற்றியபோது ஒன்றை விட்டிருக்கிறேன். பதினேழு என்றேன்.